ஓரத்தில் பென்சில்

கதவைத் திறக்காதே, கொரின்.

ஈரச் சட்டையோடு வெளியே நிற்கிறான்.
முதல் மனைவி ஏரியில் மூழ்கிய கதையை
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு விதமாகவும்
நூற்று நாற்பதில் வேறு விதமாகவும் சொன்னவன்.
இரண்டையும் கேட்டவள் நீதான்.
அப்படியும் தாழ்ப்பாளில் கை வைக்கிறாய்.

எனக்கு முன் உன்னைப் படித்த யாரோ
ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறாள்:
மடச்சி.
தேவாலயத்துப் பழைய சாமான் விற்பனையில்
ஐம்பது சென்ட்டுக்கு உன்னை வாங்கினேன்,
அந்தத் திட்டையும் சேர்த்து.

என் வேலை பாலத்தைத் தூக்குவது.
சுப்பீரியர் ஏரியின் வாயில்
இரவு பதினொன்று முதல் காலை ஏழு வரை.
இரும்புத்தாதுக் கப்பல் ஒரு நெடிலும் இரு குறிலுமாய் ஊதும்.
நானும் அப்படியே பதில் ஊதுவேன்.
அத்தனை எஃகும் மெல்ல மேலேறும்,
என் கண்ணாடிக் கூண்டையும் காபியையும் சுமந்துகொண்டு.
மற்றபடி பனி.
மற்றபடி நீ.

நல்ல பெண்களின் கதைகளையும் முயன்று பார்த்தேன்.
சரியான நேரத்தில் போலீசை அழைத்துவிடுகிறார்கள்.
எண்பதாம் பக்கத்தில் எனக்குத் தூக்கம் வந்துவிடுகிறது.
நீயோ அக்காவின் காதணியை அடகு வைத்தவள்.
மாத்திரைக் குப்பியை மாவு டப்பாவில் ஒளிப்பவள்.
அன்றிரவு வீட்டில்தான் இருந்தேன் என்று
ஷெரீஃபிடம் கண் சிமிட்டாமல் சொன்னவள்.

கொலைகாரன் யாரென்று அறியவா விழித்திருக்கிறேன்?
தோணிக் கொட்டகைச் சாவி வைத்திருக்கும் அந்த டாக்டர்,
முப்பதாம் பக்கத்திலேயே தெரிந்துபோயிற்று.
அந்தப் பொய்யைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
நீ எப்படிக் கடையில் ரொட்டி வாங்குகிறாய்,
ஒருவன் முத்தமிடும்போது
எப்படிக் கண்ணை மூடுகிறாய்,
அதுதான் எனக்குத் தெரியவேண்டும்.

போன ஏப்ரலில் உன்னைப்போல் ஒருத்தி
தீப்பிடித்த ஹோட்டலின் மூன்றாம் மாடியில் இருந்தாள்.
கப்பல் கடந்துவிட்டது.
நான் அத்தியாயத்தைக் கடக்கவில்லை.
ஐந்து நிமிடம்.
கீழே, தடுப்புக் கட்டைக்குப் பின்னால்
ஓர் ஆம்புலன்ஸ் நின்றது,
சத்தமில்லாமல், சிவப்பு மட்டும் சுழல.

பாலத்தை இறக்கினேன்.
பதிவேட்டில் இரண்டு மணி பதினான்கு என்று எழுதினேன்.

யாரும் கேட்கவில்லை.
ஒரு வாரம் செய்தித்தாளில் மரண அறிவிப்புகளை மேய்ந்தேன்.
வெர்னர் லிண்ட்க்விஸ்ட், எண்பத்தொன்று, அமைதியாக.
ஆர்லின் பெய்லி, ஐம்பத்தாறு, எதிர்பாராமல்.
அந்தக் கடைசிச் சொல்லை நான் வெட்டி எடுக்கவில்லை.
அதுவாகவே என்னோடு வீட்டுக்கு வந்தது.

'எல்லாம் ஒரே கதைதானே' என்பார் ஆர்வோ,
காலை உணவு மேசையில், முட்டைக்கு உப்பிட்டபடி.
ஆமாம் என்பேன்.
முப்பது வருடத் தாம்பத்தியத்தில்
இதைவிட அருகில் வந்ததில்லை அவர்.

நூற்று எண்பத்தாறு. திறந்துவிட்டாய்.
அவன் கொலைகாரன் இல்லை,
வெறும் பொய்யன், உன்னைப்போல.
இருவரும் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து
ஆளுக்கொரு உண்மையாக எடுத்து வைக்கிறீர்கள்,
சீட்டாட்டத்தில் கடைசிக் காசை வைப்பவர்களாய்.
வாசலுக்கு வெளியே டாக்டரின் கார் விளக்கணைக்கிறது.
உங்களுக்குக் கேட்கவில்லை.
எனக்குக் கேட்கிறது.

ஓரத்தில் அதே பென்சில்.
இந்த முறை கொஞ்சம் நடுங்கியிருக்கிறது:
நான் சொல்லவேயில்லை.

யாரிடம்? எதை?
மீன் கடை வரிசையில் சில்லறை எண்ணுகிறவளா,
நூலகத்தில் கையுறையைக் கழற்றாதவளா?
மடச்சி என்று நீ திட்டியது
இவளை இல்லையே, பெண்ணே.

தூரத்தில் ஒரு நெடில், இரு குறில்.
பக்கத்தில் கட்டைவிரலைச் செருகி
மறு கையால் நெம்புகோலைத் தள்ளுகிறேன்.
கூண்டு எழும்புகிறது.
கொரின், நான், அவள், ஆறிய காபி.
கீழே கப்பல் நழுவுகிறது,
வயிற்றில் அவ்வளவு இரும்போடு
ஒரு விளக்குகூட அலுங்காமல்.

இறக்குகிறேன்.
பதிவேட்டில் மூன்று மணி ஏழு. சரியான நேரம்தான்.
பிறகு பென்சிலைத் தேடி எடுத்து
அவள் வரிக்குக் கீழே எழுதுகிறேன்:
இரண்டு மணி பத்தொன்பது.

ஞாயிற்றுக்கிழமை இந்தப் புத்தகம்
அதே மேசைக்குத் திரும்பிப் போகும்.
ஐம்பது சென்ட்.